தோர்ன்ஸ்டைல் ஆக்கள்

குட்மேய்ஸ்,
லண்டன்.
19.06.2005

அன்புள்ள பெரியண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் தங்கச்சி நிர்மலாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு செய்கிறது. எங்கள் பின்தெருக் கிருஷ்ணராசா ஊரிலிருந்து திரும்பியதும், உங்கள் கடிதத்தையும் நிர்மலா இடித்துக் கட்டிவிட்ட மிளகாய்த்தூளையும் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். தூள் பாதி முடிந்துவிட்டது. கடிதத்துக்கு மறுமொழி எழுதத்தான் ஐந்து கிழமை பிடித்தது. கோபத்தில் எழுதாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் முதல் கிழமையோடு போய்விட்டது.

தக்ஷிகாவின் கலியாணத்துக்கு வருகிறேன் என்றும் நீங்கள் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. பெடியனின் ஆக்கள் யார், எந்த ஊர், எப்படிப்பட்ட வழி என்று தெரியாமல் தாரை வார்க்க வரமுடியாது, வெள்ளைக்காரன் என்று எழுதினால் மட்டும் போதாது என்று எழுதியிருந்தீர்கள். தக்ஷிகாவின் அப்பா போய் மூன்று வருடமாகிறது. நான் மணவறைப் பக்கம் போகமாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். தகப்பன் இடத்தில் நின்று என் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க உங்களையும் அண்ணியையும் விட்டால் ஒருவரும் இல்லை. அதனால் நீங்கள் கேட்டதை நான் பகிடியாக எடுக்கவில்லை. விசாரித்தேன்.

பெடியனின் பெயர் டேனியல் தோர்ன்ஸ்டைல். கவுன்சிலில் வடிகால் பகுதியில் எஞ்சினியர். ஊரில் சொல்லும்போது எஞ்சினியர் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயது முப்பது. தகப்பன் இல்லை, தாய் வால்தம்ஸ்டோவில் தனியாக இருக்கிறா. பெடியன் எங்கள் வீட்டுக்கு வந்தால் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறான். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன். கோப்பை கழுவுகிறவன் எல்லோரும் நல்ல வழியில் வந்தவனாக இருக்கவேண்டியதில்லை.

தோர்ன்ஸ்டைல் என்ற பெயரை நான் இங்கே இருபத்திரண்டு வருடத்தில் வேறு எங்கும் கேட்டதில்லை. ஸ்மித், பிறவுன் என்றால் தெருவுக்குப் பத்து வீடு இருக்கும். இது என்ன பெயர் என்று தக்ஷிகாவைக் கேட்டேன். அவள் கொம்பியூட்டரைத் திறந்து காட்டினாள். ஒரு குடும்பப் பெயரைப் போட்டால் அந்தப் பெயர்க்காரர் இந்த நாட்டில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று படம் வருகிறது. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோர்ன்ஸ்டைல்கள் தொண்ணூற்றாறு பேர். அத்தனை பேரும் நோர்போக் மாகாணத்தின் ஒரு மூலையில், தாளில் மை சொட்டிய மாதிரி ஒரே இடத்தில். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் அதே மூலையில், கொஞ்சப்பேர் வடக்கே துறைமுகப் பக்கம், மிச்சம் லண்டனின் கிழக்கில். எங்கள் ஊர்ச்சனம் வெள்ளவத்தைக்கும் குட்மேய்ஸுக்கும் கனடாவுக்கும் போனது போலத்தான். அதற்குப்பிறகு தக்ஷிகா எங்கள் பெயரையும் கணேசலிங்கம் என்று போட்டுப் பார்த்தாள். 1881இல் ஒருவரும் இல்லை. நாங்கள் இரண்டுபேரும் நன்றாகச் சிரித்தோம்.

படம் ஊரைக் காட்டும், குணத்தைக் காட்டாது. நீங்கள் விசாரிக்கப் போகும் விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் போகமாட்டீர்கள். சந்தித் தேத்தண்ணிக் கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அந்தக் குடும்பத்தோடு வேலிச்சண்டை உள்ளவர் யார் என்று முதலில் அறிந்து, அவரிடம்தான் கேட்பீர்கள். சண்டைக்காரனே குறை சொல்ல யோசிக்கிறான் என்றால் நல்ல குடும்பம் என்பீர்கள். அதையே நானும் செய்வது என்று தீர்மானித்து, தக்ஷிகாவுக்குச் சொல்லாமல், போன சனிக்கிழமை நோர்போக்குக்கு ரயில் ஏறினேன். துணைக்கு மேரிறோஸ் வந்தா. என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைசெய்கிற பாசையூர் மனுசி. பழைய தேவாலயம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறிப் போய் இறங்கினால், அந்த ஊரில் ஒரு கடைதான் இருக்கிறது. தபால் கந்தோரும் அதற்குள்ளேயே. தேத்தண்ணி இல்லை. நான் இரண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு, தோர்ன்ஸ்டைல் குடும்பம் எப்படிப்பட்டது, ஆரோடாவது காணிச்சண்டை உண்டா என்று கடைக்காரியிடம் கேட்டேன். அவ முகம் மாறி, தனக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளே போய்விட்டா. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பொம்பிளைகள் வந்து பெயர் சொல்லி விசாரித்தால், அரசாங்க உதவிப்பணம் கொடுக்கும் பெனிபிட் கந்தோரிலிருந்து களவு பிடிக்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைப்பா என்று மேரிறோஸ் பிறகு சொன்னா. அது எனக்கு முன்னமே தோன்றவில்லை. கடைக்காரி உடனே ரெலிபோன் எடுத்திருக்கிறா போல, நாங்கள் பஸ் தரிப்பிடத்துக்குப் போவதற்குள் ஒரு பழைய கார் வந்து பக்கத்தில் நின்றது. எழுபது வயது மதிக்கக்கூடிய ஒரு மனுசி இறங்கி, தான் மாக்கிரட் தோர்ன்ஸ்டைல், தங்களைப் பற்றி என்ன அறியவேண்டும் என்று நேரே கேட்டா. டேனியலின் தகப்பனுடைய தமக்கை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நான் தக்ஷிகாவின் தாய், எங்களுடைய வழக்கத்தில் கலியாணத்துக்கு முன் ஊரில் வந்து விசாரிப்பார்கள் என்று சொன்னேன். அது மிகவும் புத்தியான வழக்கம், தன் முதல் கலியாணத்துக்கு முன்னும் யாராவது அப்படிச் செய்திருக்கலாம் என்று அவ சொன்னா. பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனா.

அண்ணை, அந்த வீட்டுச் சுவரில் ஒரு முழுநீளத் தாள் ஒட்டியிருக்கிறது. ஏழு தலைமுறை. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, செய்த தொழில், பிள்ளைகள், கட்டிய இடம் எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கிறா. ஆற்று மணல் அள்ளியவர், குதிரை பார்த்தவர், பள்ளிக்கூட வாத்தியார், போருக்குப் போய்த் திரும்பாத சகோதரர் மூன்றுபேர். மறியற்சாலைக்குப் போன ஒருவரும் இருக்கிறார், முயல் களவெடுத்தவராம். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறா. எல்லாக் கோடும் மேலே போய் ஒரே பெயரில் முடிகிறது. ஜோன் தோர்ன்ஸ்டைல், 1794. அவருக்கு மேலே கோடு இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டேன். எங்களைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய், கண்ணாடிக்குள் வைத்திருக்கும் ஞானஸ்நானப் பதிவின் பிரதியைக் காட்டினா. அந்த வருடம் தைமாதத்தில், வயல் எல்லையிலே முட்பற்றைக்குப் பக்கத்தில் இருந்த கடப்படியில், ஒரு ஆண்குழந்தை சாக்கில் சுற்றியபடி கிடந்திருக்கிறது. கடப்பு என்றால் எங்கள் வேலிக் கடப்பு மாதிரியே, ஏறிக் கடக்க இரண்டு பலகை. தோர்ன் என்றால் முள், ஸ்டைல் என்றால் அந்தக் கடப்பு. யார் பெற்றது என்று தெரியவில்லை. ஊர்ச்சபை அந்தப் பிள்ளைக்குக் கிடந்த இடத்தின் பெயரையே வைத்து வளர்த்திருக்கிறது. தாய் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்தச் சாக்குப் பிள்ளையின் வழி. மாக்கிரட் இதைத் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. ஒரு கோயில் கட்டியவரின் பேத்தி சொல்வது போலச் சொன்னா.

வரும்போது ரயிலில் மேரிறோஸ் நித்திரை. எனக்கு வரவில்லை. உங்களுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரே ஊர், ஏழு தலைமுறை, வாத்தியார், எஞ்சினியர், கடைக்காரி கூட வெளியாளிடம் காட்டிக்கொடுக்காத மரியாதையான குடும்பம் என்று எழுதினால் ஒரு சொல் பொய்யில்லை. நீங்கள் அடுத்த நாளே கொழும்புக்கு பஸ் ஏறியிருப்பீர்கள். அப்படி ஒரு கடிதம் எழுதியும் விட்டேன். தபால்பெட்டிவரை கொண்டுபோய், போடாமல் திரும்பி வந்தேன். நிர்மலா கட்டிவிட்ட தூள் பொட்டலம் குசினித் தட்டில் இருந்தது. அதைப் பார்த்தபிறகு மறைக்க மனம் வரவில்லை.

1981ஐ நாங்கள் ஒருவரும் கதைப்பதில்லை. நான் இப்போது கதைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெனடிக்ற் மாஸ்டர் நிர்மலா படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் கணக்குப் படிப்பித்தார். குருமாரின் விடுதியில் வளர்ந்தவர். அவர் கிறிஸ்தவ வேதம் என்பதைக்கூட நீங்கள் பெரிதாக எடுக்கவில்லை. அவர் கோயிலில் தாலி கட்டச் சம்மதம் என்று வந்தார். நீங்கள் மூன்று நாள் விசாரித்துவிட்டு வந்து, சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, பிடித்தபடி நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “தேப்பன் ஆரெண்டு தெரியாதவனுக்கு என்ரை தங்கச்சியை எப்பிடிக் குடுக்கிறது?” அவரைப் பற்றி ஒரு குறையும் நீங்கள் கேள்விப்படவில்லை. சண்டைக்காரனும் இல்லை. அந்த ஒன்றுதான்.

நீங்கள் சொன்னீர்கள், நான்தான் கொண்டுபோய் நிர்மலாவிடம் சொன்னேன். மூத்தவள் சொன்னால் கேட்பாள் என்று என்னை அனுப்பினீர்கள். அண்ணை சொல்வது சரி, நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு என்ன வழி சொல்லுவாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை. திருத்திக்கொண்டிருந்த கொப்பிகளை அடுக்கிவைத்துவிட்டு, சரி அக்கா என்றாள். அதற்குப்பிறகு வந்த எந்தப் பேச்சுக்கும் அவள் வாய் திறக்கவில்லை. இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. பெனடிக்ற் மாஸ்டர் எங்கே, இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டியதை விட்டு மற்றதையெல்லாம் விசாரித்திருக்கிறேன்.

நான் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பாதிக் குற்றம் என்னுடையது. ஆனால் அன்றைக்கு நான் நிர்மலாவிடம் கேட்ட கேள்விக்கு மறுமொழி மாக்கிரட்டின் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு என் மகளுக்குக் கலியாணம் செய்ய எனக்கு ஏலாது.

இன்னொன்றும் எழுதவேண்டும். கலியாணத்தில் சொல்ல இரண்டு பக்கமும் மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும் என்று ஐயர் கேட்டார். டேனியல் ஏழையும் எழுதிக் கொடுத்துவிட்டான், ஐயர் மூன்று போதும் தம்பி என்று சிரித்தார். எங்கள் பக்கம் தகப்பன் கணேசலிங்கம், அவருடைய தகப்பன் கனகலிங்கம். அதற்கு மேலே எனக்குத் தெரியவில்லை. மாமியும் போய்விட்டா, கேட்க ஆளில்லை. மாக்கிரட்டும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே எங்கள் வழியைக் கேட்டா, நான் இரண்டாவது பெயரோடு நின்றுவிட்டேன். 1978இல் எனக்காக விசாரித்தது நீங்கள்தானே. கனகலிங்கத்தார் யாருடைய மகன் என்று தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அதை ஒரு குறையாக நான் இனி நினைக்கமாட்டேன்.

விசாவுக்கு ஸ்பொன்சர் கடிதங்கள் இதற்குள் இருக்கின்றன. உங்களுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, நிர்மலாவுக்கு ஒன்று. அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ள நிற்பாள் என்று சொல்ல வேண்டாம். வீட்டைப் பக்கத்துவீட்டுச் சனம் பார்க்கும். ஆவணிக் கடைசியில் கலியாணம். இங்கே அப்போதே குளிரத் தொடங்கிவிடும், அவளுக்கு என் நீலக் கோட்டு இருக்கிறது, அளவு சரிவரும். கொழும்பில் நிற்க இடம் கிருஷ்ணராசா ஒழுங்கு செய்து தருவார். உங்கள் சுகர்க் குளிசையை மூன்று மாதத்துக்கு எடுத்துவையுங்கள்.

அண்ணை, இவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் எந்தக் கலியாணத்துக்கும் முடிவைச் சொன்னது நீங்கள். இந்தமுறை ஒன்று கேட்கிறேன், மறுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்து முடித்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைக்காமல் நிர்மலாவின் கையில் கொடுங்கள். அவள் தனியாக இருந்து வாசிக்கட்டும். கண்ணாடியைத் தேடிக் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் வெளியே போய் நில்லுங்கள். அவள் வாசித்துவிட்டுப் போவோம் என்றால் மூன்றுபேரும் வாருங்கள். போகவேண்டாம் என்றால் அதையே உங்கள் மறுமொழியாக எழுதுங்கள். என் பிள்ளையின் கையை நானே பிடித்துக் கொடுப்பேன், உங்களோடு கோபிக்கவும் மாட்டேன். ஆனால் முடிவை அவள் சொல்லட்டும்.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும் தங்கச்சி,
சிவமலர்