நடுப்பக்கத்தில் இரண்டு ஓட்டை குறைகிறது

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் மாமாவின் கோபம் உட்பட. அங்கே உன் இருமல் போனதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விவரமாக எழுது, எல்லாம் ஓகேம்மா என்று ஒரே வரியில் தப்பிக்காதே. என் இரண்டு கையும் தையல் மெஷினில் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு அக்கா. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதையெல்லாம் தாண்டிவிடுவேன்.) மாமா உனக்குப் போன் செய்து என்னைப் பற்றி ஒரு கதை சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் சொல்லப்போகிறார். அதில் அவர் விட்டுவிடக்கூடிய பாதி இது. போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறதே, நான் ஆறு மாதமாக அங்கே போகிறேன். வீட்டைக் காலி செய் என்று துரத்தப்பட்டவர்கள், செய்த வேலைக்குக் கூலி கிடைக்காதவர்கள், புருஷனிடம் அடி வாங்கியவர்கள், வக்கீலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாத யாரும் அந்தப் படியேறலாம். நாலு பேர் கொடுப்பதை வைத்துத்தான் நடக்கிறது. கையில் காசில்லாதவர்கள் வேலையைக் கொடுக்கிறோம், ரிட்டயர் ஆன டைப்பிஸ்ட் மனு அடித்துக் கொடுக்கிறார், நான் கேஸ் கட்டுகளைத் தைத்துக் கொடுக்கிறேன். (சட்டை தைத்த அம்மா இப்போது சட்டம் தைக்கிறாள். தெருவில் உள்ளவர்களின் ஜாக்கெட்டெல்லாம் வாய்தாவில் கிடக்கிறது.) அங்கே ஒருநாள் நம் தெருமுனை இஸ்திரிக்காரி வந்து நின்றாள், இரண்டு பிள்ளைகளோடு மாமா வீட்டுப் பின்னறையில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறாளே, அவள்தான். அந்த அறையை இடித்துக் கார் நிறுத்தப் போகிறேன், ஒரு மாதத்தில் கிளம்பு என்று மாமா அவள் மேல் கேஸ் போட்டிருக்கிறார். (மாமாவிடம் கார் கிடையாது. வாங்குகிற யோசனை இருக்கிறதாம்.) யார் போட்ட கேஸ் என்று தெரிந்ததும் நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அங்கிருக்கும் சின்ன வக்கீலம்மா, உங்களுக்குச் சங்கடமா இருந்தா விட்டுடுங்கக்கா, இந்தக் கட்டை நானே தச்சுக்கறேன் என்றாள். அந்தப் பெண்ணுக்கு அறுந்த பட்டனைத் தைக்கவே இரண்டு விரலில் பிளாஸ்திரி வேண்டும், அதனால் நானே தைத்தேன்.

தைத்ததில்தான் தப்பு நடந்தது. தாள் ஒன்றும் உதிரக்கூடாது என்று நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். (தலையணை உறை மாதிரி. பஞ்சு மட்டும்தான் வைக்கவில்லை.) கோர்ட் கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏம்மா, இதைப் படிக்கணுமா இல்ல தலைக்கு வச்சுப் படுக்கணுமா என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். அதற்காக வக்கீலம்மா என்னைக் கோர்ட் ஆபீசுக்கே கூட்டிப்போய், கட்டு எப்படித் தைப்பது என்று பார்க்கச் சொன்னாள். அப்போது மாமா தாக்கல் செய்த வாடகை ஒப்பந்தத்தை அவள் பார்வையிட வாங்கி மேஜையில் விரித்து வைத்திருந்தாள். மூன்று தாள். முதல் தாளிலும் கடைசித் தாளிலும் ஓரத்தில் நாலு நாலு ஊசி ஓட்டை, நடுத்தாளில் இரண்டே இரண்டு. அதில்தான் உரிமையாளர் கேட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்ற வரி இருந்தது. பிரித்துத் தைத்த துணியை எனக்குத் தெரியாதா? பழைய தையலைப் பிரித்து, நடுத்தாளை எடுத்துவிட்டு, புதுத்தாள் வைத்து மறுபடி தைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது மூன்று ஸ்டாப் வரை நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா போனபின் நம்மைத் தாங்கியவர், உன்னை ஏர்போர்ட் வரை பெட்டியோடு கொண்டுபோய் விட்டவர், எனக்கு ஒரே அண்ணன். நாலாவது ஸ்டாப்பில் இஸ்திரிக்காரியின் சின்னது பள்ளிக்கூடப் பையோடு ரோடு கடந்தது, பக்கத்தில் இருந்த வக்கீலம்மாவிடம் ஓட்டைக் கணக்கைச் சொல்லிவிட்டேன். (அம்மா இந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டாள். நான் எதுவும் கிண்டல் செய்யவில்லை.)

விசாரணை அன்று நீதிபதி மூன்று தாளையும் ஒன்றாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுத்தாளில் மட்டும் ஏன் இரண்டு குறையுது என்று மாமாவைக் கேட்டார். மாமா யோசித்துவிட்டு, மத்த ரெண்டுலயும் எலி கடிச்சிருக்குங்கய்யா என்றார். அதற்கு அவர், எலி அளவெடுத்துக் கடிச்சிருக்கே, ஊசியும் கொண்டு வந்துச்சா என்றார். கோர்ட்டே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. (நான் சிரித்தேன். வெளியே போகச் சொன்னார்கள்.) மாமாவின் வக்கீலே கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டார். இஸ்திரிக்காரி அதே அறையில் இருக்கிறாள்.

மாமா வாசலில் நின்று, உனக்குக் கூடப்பொறந்தவன் முக்கியமா, இஸ்திரிக்காரி முக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை, அந்த மாடி குடும்பத்தைப் பிரிக்கிற மாடி, ஒருத்தரும் ஒண்ணும் கொடுக்காதீங்க என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறார். மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவும் பெரியத்தையும் நிறுத்திவிட்டார்கள். உன்னிடமும் அதைத்தான் கேட்பார், நீ அவருடைய செல்லம், மறுக்கமாட்டாய் என்று நம்புகிறார். அவர் முழுதாகப் பேசி முடிக்கட்டும், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரி. அதன்பின் உன்னால் முடிந்ததை மாதாமாதம் மையத்துக்கு அனுப்பு, அனுப்பப் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிடு, மறைக்காதே. எனக்குப் புடவை வேண்டாம். (எனக்கு வேண்டும் என்று முன்பே சொன்னவை அப்படியே நிற்கின்றன.) வக்கீலம்மா காசு கேட்டிருந்தால் இஸ்திரிக்காரி அந்தப் படியே ஏறியிருக்கமாட்டாள், நானும் அந்த ஓட்டையைப் பார்த்திருக்கமாட்டேன்.

குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கென்று நாலு பேர் இருக்க வேண்டும். முக்கியமானது, மாமா போன் வந்தால் எடு, கட் செய்யாதே. நான் மன்னிப்புக் கேட்டதாக மட்டும் அவரிடம் சொல்லாதே, கேட்கவில்லை. நாளைக்கு அவரையே யாராவது வீட்டை விட்டுத் துரத்தினால் அதே மாடிக்கு வரச்சொல். அவர் கட்டையும் நான்தான் தைப்பேன், பக்கம் மாற்றத்தான் விடமாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா