தொத்தோரேயின் தண்ணீர் வங்கி

11.02.1997
நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் தம்பி இன்றைக்கும் வந்திருந்தார். எல்லோரும் அவரைத் தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை, படித்த மனிதர். நான் கோப்பி ஊற்றிக்கொண்டு நிற்க, "எமிலியானா, நான் ஒரு பாங்கா தொடங்கப்போகிறேன்" என்றார்.

வங்கிதானாம். ஆனால் காசு வைக்கிற வங்கி இல்லை. கடற்கரைப் பக்கம் அவருக்கு ஒரு பள்ளக் காணி இருக்கிறது. தகப்பன் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த நிலம். அந்த வாய்க்காலை அடைத்து, திரும்பச் சதுப்பாக்கப்போகிறார். வேறெங்காவது சதுப்பை மூடிக் கட்டடம் கட்டுகிறவன், அதற்கு ஈடாகத் தொத்தோரேயின் சதுப்பில் பங்கு வாங்க வேண்டும். அமெரிக்காவில் அப்படியாம். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. "யாராவது தொடங்கினால்தானே வரும்" என்கிறார்.

விசர் மனுசன். ஆனால் என் மனுசன் யோசேப்பைக் காவலுக்கு வைக்கிறாராம்! ஒரு கொம்பனி பங்கு வாங்கினால் இவருக்கு வேலை ஒப்பந்தம் எழுதித் தருவார். ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெசோ, இங்கே தங்குகிற அனுமதி, கிடைக்கும். அது இல்லாவிட்டால் இவருக்கு இத்தாலியில் இடமில்லை. மாதாவே, அந்தச் சேறு நல்லா இருக்கட்டும்.

02.03
நகரத்தில் கால்சாப் பக்கத்து வாடகை அறையை விட்டுக் காணிக்குக் குடிவந்துவிட்டோம். இவருக்கு இத்தாலியன் வராது. தொத்தோரே சொல்வதை நான் தமிழில் சொல்ல, இவர் தலையாட்டுவார். இன்று இரண்டு பேருமாக வாய்க்காலை மண்மூட்டையால் அடைத்தார்கள்.

20.04
தண்ணீர் நிற்கிறது. தாரா வாத்துகள் இறங்கின. தொத்தோரே சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார். எனக்கு அழுகை வந்தது — தாராவுக்காக இல்லை.

11.05
நுளம்பு. மகள் அமலினிக்கு உடம்பெல்லாம் தடிப்பு. "மலேரியா வந்தா என்ன செய்யிறது? மன்னாரிலை எத்தினை பிள்ளையள் செத்தது" என்று இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

தொத்தோரேயிடம் கேட்டேன். இங்கே மலேரியா எப்பவோ ஒழிந்துவிட்டதாம், நுளம்பும் புழுவும் இருந்தால்தான் பறவை தங்குமாம். நல்ல வங்கி, நுளம்பையும் வளர்க்கிறது! வந்து தொத்தோரே சொன்னதை இவரிடம் அப்படியே சொன்னேன். இவர் பிள்ளையின் தடிப்புகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

23.05
சிஞ்ஞோராவுக்குச் சுகமில்லை. இரண்டு நாளாகப் பொலிதேயாமாவில் அவருடைய வீட்டில்தான் தங்கல், பிள்ளை இவரோடு. நாளைக்குக் கொம்பனிக்காரர் சதுப்பைப் பார்க்க வருகிறார்கள். தொத்தோரேயின் காரிலேயே போவேன்.

24.05
வந்தார்கள். இரண்டு பேர். தொத்தோரே கையை நீட்டிக் காட்டப்போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

தண்ணீர் முழுக்கக் கறுத்த எண்ணெய். தவளைகள் மல்லாந்து கிடந்தன. ஒரு தாரா எழும்ப முடியாமல் கரையில் செட்டையடித்தது. "யார் செய்தது?" என்றார் தொத்தோரே.

இவர் முன்னுக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோசம்.

"நான்தான் எண்டு சொல்லும். கார் திருத்திற கராச்சிலை கழிவொயில் வாங்கி நேற்று ஊத்தினனான். ஊரிலை மலேரியாக்காரர் இப்பிடித்தான் செய்யிறவை. வாற பெரியாக்களை நுளம்பு கடிக்கக் கூடாதெல்லே?"

இவர் சொன்னது விளங்காமல் எல்லாரும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கினம். ஐயோ, நான் என்ன செய்ய? ஆரிலை பழியைப் போட? அங்கை வேறை ஆர் இருக்கினம்?

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

கொம்பனிக்காரன் ஒருவன் சிரித்து, "பாங்கா முறிந்துவிட்டது" என்றான். தொத்தோரே குனிந்து அந்தத் தாராவைத் தூக்கித் தன் சட்டையால் துடைத்தார். ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"என்னவாம்? பிடிச்சுதாமோ?" என்று இவர் என்னைக் கேட்டார்.

25.05
விளங்கப்படுத்தினேன். இவர் சாப்பிடவில்லை. வாளியால் எண்ணெயை அள்ளிப் பார்க்கிறார். அள்ள அள்ள அது பரவுகிறது.

30.06
தொத்தோரே காணியை விற்றுவிட்டார். அதே கொம்பனிக்கு. மூடிப் பண்டகசாலை கட்டப்போகிறார்களாம். விற்கும்போது ஒன்று மட்டும் கேட்டாராம்: யோசேப்பை வேலைக்கு எடுங்கள். சிஞ்ஞோரா சொல்லித்தான் தெரியும். எந்த முகத்தோடு இனி அவருக்குக் கோப்பி ஊற்றுவேன்?

14.10
குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், இவருக்குப் பெர்மெசோ கிடைத்தது. வேலை, மண் பரவுகிறது. அந்தக் காணியில்தான்.

08.11
இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேலியோரம் தொத்தோரே நின்றார். லொறி மண்ணைக் கொட்ட, இவர் மண்வெட்டியால் இழுத்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"போன கிழமை நாரைகள் வந்தன" என்றார் தொத்தோரே. "ஒரு பெரிய கூட்டம். சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, இறங்க இடமில்லாமல் போய்விட்டன. யோசேப்புக்குச் சொல்."

குரலில் கோபம் இல்லை. இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

"வேலை நல்லாச் செய்யிறீங்களாம்" என்றேன்.

இவர் தொப்பியைக் கழற்றி, தொத்தோரேயைப் பார்த்துச் சிரித்தார். "கிராட்சியே, தொத்தோரே" என்று நன்றி சொன்னார்.