ஏழாம் கட்டைக் குழாய்

ஐப்பசி 12, திங்கள்.
விடிந்ததிலிருந்து மழை. சப்பாத்து காயவில்லை. உள்ளே பூஞ்சை.

கோர்ட்டில் ஜட்ஜ் கூப்பிட்டனுப்பினார். ஒரு வாரத்துக்கு எனக்குக் கோர்ட்டு மொழிபெயர்ப்பு கிடையாதாம். ஜலசந்திக்கு அக்கரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வருகிறார். நகர போர்டுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தண்ணீர், சாக்கடை, மார்க்கெட், ஆஸ்பத்திரி, கூலி லயம் எல்லாவற்றையும் பார்த்து மேலிடத்துக்கு நேரே அறிக்கை எழுதுவார். தமிழாட்கள் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் சொல்ல ஒருவர் வேண்டும். போர்டு ஆள் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவிட்டாராம். அதனால் நான்.

அதனால்தானா? என்னைவிட மூத்தவர் ஒருவர் கோர்ட்டில் இருக்கிறாரே. அவரை ஏன் விட்டார்கள்? வாய் திறக்காத ஆள் என்று என்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்களோ.

சாயங்காலம் போர்டின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி (இனி பெ.கி.) வீட்டு வாசலில். மூன்று வருஷமாக ஒரே தெரு. இதுவரை ஒரு நாளும் எங்கள் படி ஏறியதில்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"தம்பி, துரை நாலு நாள் இருந்துட்டுப் போயிருவாரு. நாமதான் இங்கயே இருக்கணும். பாத்துப் பேசுங்க."

"எதைப் பாத்துப் பேசணும்?"

சிரித்தார். பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மனைவி கமலம் அப்போதே இரண்டு பழம் உரித்துத் தின்றாள். நான் தொடவில்லை.

13, செவ்வாய். மூட்டம்.
துரை (து.): ஒல்லி. ஐம்பது வயதிருக்கும். சின்ன நோட்டுப் புத்தகம். அதிகம் பேசுவதில்லை. என் முகத்தையும் பார்ப்பதில்லை. கூடவே பெ.கி., நாள் முழுக்க.

பார்த்தவை:

மார்க்கெட். பினாயில் வாடை. ஈயே இல்லை. மீன் விற்கும் சீனர் என் பக்கம் சாய்ந்து மலாயில், "தினமும் துரை வரட்டும்" என்றார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பெரிய சாக்கடை. ஓரத்துச் சுண்ணாம்பு இன்னும் ஈரம். து. விரலால் தொட்டுக் கைக்குட்டையில் துடைத்தார். எழுதினாரா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரி, தமிழ் வார்டு. எல்லாக் கட்டிலிலும் புதுத் துப்பட்டி. மடிப்புக்கூடக் கலையவில்லை. நோயாளி ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்கச் சொன்னார் து. "தொர போன பொறவு படுக்கச் சொன்னாங்க." அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். து. தலையை ஆட்டினார். பெ.கி. திரும்பி என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் போர்டு பியூன் பின்னாலேயே வந்தான். "கிராணி ஐயா கேக்கச் சொன்னாரு. ஒங்க கோர்ட்டு வேல நெரந்தரமா, தற்காலிகமா?"

தற்காலிகம். அது பெ.கி.க்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் கேட்டனுப்பியிருக்கிறார்.

14, புதன். நல்ல வெயில்.
ஏழாம் கட்டை (ஏழாவது மைல்), தம்போய் தாண்டி. போர்டின் சாக்கடை கூட்டுபவர்களும் ரோட்டுக் கூலிகளும் குடியிருக்கும் லயம். குழாய் கேட்டு இவர்கள் கொடுத்த மனு வருஷக்கணக்காகக் கிடப்பது ஊருக்கே தெரியும். குடிப்பது சதுப்புப் பள்ளத்துத் தண்ணீர். மழை பிடித்தால் சீதபேதி. போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன.

இன்று போய்ப் பார்த்தால் லயத்துக்கு நடுவே குழாய்! பளபளவென்று பித்தளைத் திருகு. கூலிகளை மேய்க்கும் மண்டோர் திறந்தார். தண்ணீர் கொட்டியது. து. கையை நனைத்துப் பார்த்தார். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயடியில் கிளறிய மண். லயத்துக்குப் பின்னால் மேட்டை நோக்கி மாட்டு வண்டித் தடம், ஆழமாக. மேட்டின்மேல் அத்தாப்பு ஓலை மறைப்பு. அங்கே எதை மறைக்கிறார்கள்?

து. ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். பெயர் வீராயி. சாக்கடை கூட்டுபவள். இடுப்பில் மெலிந்த பெண் குழந்தை. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மண்டோர் அவளையே பார்க்கிறார். பெ.கி. என்னையே பார்க்கிறார்.

"நல்லா வருதுங்க. நேத்துலேர்ந்து நல்லா வருது."

நான் இங்கிலீஷில் சொன்னது: தண்ணீர் நன்றாக வருகிறது.

அவ்வளவுதான். 'நேத்துலேர்ந்து' விட்டுப் போயிற்று. வாய் தவறிவிட்டது என்று எழுதினால் பொய். வேண்டுமென்றுதான் விட்டேன்.

து. எழுதிக்கொண்டார். வீராயி அவர் முகத்தைப் பார்த்தாள், அடுத்த கேள்விக்குக் காத்திருப்பவள் போல. கேள்வி வரவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

திரும்பும்போது பெ.கி. என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

கமலம்: "கருவாடு புடிக்கலியா?" பிடிக்கும். தட்டை நகர்த்தி வைத்தேன்.

15, வியாழன். மழை.
து. போர்டு ஆபீஸில் தாள்கள் பார்க்கிறார். எனக்கு வேலை இல்லை. சப்பாத்தை அடுப்பருகில் வைத்தேன். தோல் சுருங்கிவிட்டது.

நேற்று து.வுக்கு பெ.கி. வீட்டில் விருந்தாம். பியூன் சொல்கிறான். துரை வரவே இல்லை என்கிறாள் அந்த வீட்டில் பாத்திரம் துலக்குபவள். யார் சொல்வது நிஜம்? து.வும் இவர்கள் ஆளாக இருந்தால்? எல்லாரும் சேர்ந்து ஆடும் ஆட்டமாக இருந்தால் நான் விட்ட வார்த்தையால் எதுவும் கெட்டுவிடப் போவதில்லை.

இப்படி நினைத்துக்கொள்வது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

16, வெள்ளி.
காலை பஸ்ஸில் தனியாக ஏழாம் கட்டைக்கு. கமலத்திடம் சொல்லவில்லை.

குழாயைத் திறந்தேன். புஸ் என்று காற்று. மேட்டில் ஏறினேன். ஓலைக்குப் பின்னால் ஒரு மரத்தொட்டி, காலி. அதன் அடியில் குழாயைச் செருகி லயத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். ஊருக்குத் தண்ணீர் வரும் பெரிய குழாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரைத்தான் து. தொட்டுப் பார்த்தார்.

வீராயி வேலைக்குப் போகவில்லை. குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றுக்கடுப்பு. பெயர் பாவாயி, இரண்டு வயது. கண் உள்ளே போய்விட்டது.

"ஐயா, நான் சொன்னதத் தொரகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நேத்துலேர்ந்துன்னு சொன்னனே, அதையுமா?"

"ம்."

"அப்ப ஏன் அவரு ஒண்ணுமே கேக்கல?" குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "மண்டோரு முன்னால அம்புட்டுத்தான் சொல்ல முடிஞ்சுது. அந்த ஒத்த வார்த்தையில புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

அடுத்த பஸ்ஸில் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவள் குழந்தையின் முகத்தையே பார்த்தபடி வந்தாள். நானும்.

து. ஞாயிறன்று திரும்பிப் போகிறார்.

17, சனி. தூறல்.
காலை ஏழரைக்கு, து. தங்கியிருக்கும் ரெஸ்ட் அவுஸ். து. முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், தொட்டி, வண்டி, நான் விட்ட வார்த்தை.

கத்தியைக் கீழே வைத்தார். உன்னை யார் அனுப்பியது என்றார். யாருமில்லை என்றேன். புதன்கிழமை ஏன் சொல்லவில்லை? பயம். இன்றைக்குப் பயம் இல்லையா? இருக்கிறது.

நீளமாகப் பார்த்தார். முதல் தடவையாக முகத்தைப் பார்க்கிறார். போர்டுக்கு வேண்டாத யாரோ என்னை ஏவிவிட்டதாக நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

போர்டு கார் வேண்டாமென்று வாடகைக் கார் பிடித்தார். பெ.கி.க்குச் சொல்லி அனுப்பவில்லை. ஏழாம் கட்டையில் அவரே திருகைத் திறந்தார். காற்று. மேட்டில் அவரே ஏறி, தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். மண்டோர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் து. ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. செவ்வாயன்று பார்த்த துப்பட்டிகளைக் காணோம். வெறும் பலகையில் பாய், அதில் பாவாயி. பக்கத்தில் வீராயி. புதனன்று கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார் து. அவள் சொல்வதில் ஒரு சொல்லும் விடக்கூடாது என்றார்.

"அன்னிக்கே சொன்னேனுங்க, நேத்துலேர்ந்துதான் வருதுன்னு. சொல்லிட்டேன்னுதான் இந்த ஐயாவும் சொன்னாரு. ஆனா சொல்லல போலருக்கு. சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே மேட்டுல ஏறியிருப்பீங்களே."

முழுவதையும் இங்கிலீஷில் சொன்னேன். 'இந்த ஐயா' என்பதற்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. 'இந்த ஆள்' என்றேன்.

து. எழுதினார். பிறகு என் பெயருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதையும் எழுதினார்.

20, செவ்வாய்.
பெ.கி. என்னைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார். கடைக்காரர் பாக்குப் பொட்டலத்தை என் கையில் தராமல் பலகையில் வைத்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாவாயி கஞ்சித் தண்ணீர் குடிக்கிறாள். பிழைத்துக்கொள்வாள் என்றார் டிரெஸ்ஸர். வீராயி என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கமலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பழத்த நானும் தின்னுட்டேனே" என்றாள்.

கார்த்திகை 6, வியாழன். விடாத மழை.
ஜட்ஜ் கூப்பிட்டார். மேசைமேல் து. அறிக்கையின் நகல். என் பெயருக்குக் கீழே கோடு. "மறைத்ததும் நீ, சொன்னதும் நீ. கோர்ட்டில் உன் வாயை எப்படி நம்புவது?" நியாயமான கேள்வி.

இனி மொழிபெயர்ப்பு கிடையாது. பத்துப்பகாட் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை. போர்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது உன் வேலை இல்லை என்றார். பெ.கி. நீண்ட லீவில் போகிறாராம், பியூன் சொல்கிறான். லீவா, வேறு ஏதாவதா?

20, வியாழன்.
இரண்டு பெட்டி, ஒரு மூட்டை, அம்மி. பத்துப்பகாட் பஸ். கமலத்துக்கு ஜன்னலோரம்.

ஏழாம் கட்டையில் யாரோ கை காட்ட, பஸ் நின்றது. ரோட்டோரம் நெடுக வாய்க்கால் போல வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். லயத்து ஆட்கள்தான். பஸ்ஸிலிருந்து இறங்கினேன். இடுப்பளவு ஆழம். கண்துடைப்புக்கு இவ்வளவு ஆழம் தோண்டுவார்களா? தோண்டினாலும் தோண்டுவார்கள். கொஞ்சம் தள்ளிக் குழாய்கள், ஒன்றோடொன்று முட்டும்படி வரிசையாக. குனிந்து ஒன்றைத் தட்டினேன். இரும்பு. அடுத்ததையும் தட்டினேன்.

பள்ளத்துக்குள்ளிருந்து மண்கூடையோடு வீராயி. முகமெல்லாம் சேறு.

"எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறீங்களா? பெரிய குழாய்லேர்ந்துதான். முட்டு வச்சு ரெண்டையும் சேத்த எடத்த நானே பாத்தேன்."

"நிச்சயமா?"

"அந்தக் கோடிக்குப் போயி நீங்களே பாருங்க."

ஹாரன். கமலம் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கூப்பிடுகிறாள். அடுத்த பஸ்ஸில் போகலாம், இறங்கு என்று அவளுக்குக் கை காட்டிவிட்டு அந்தக் கோடியை நோக்கி நடந்தேன்.