எந்தக் கையால்?

டீச்சர், இன்று காலை காரைக்குடி ஸ்டாண்டில் வடை வாங்கிக்கொண்டு புதுவயல் பஸ்ஸில் ஏறினேன். பொட்டலத்தைப் பிரித்தால் தின்ன வேண்டியதுதானே? எண்ணெய் ஊறிய அந்தப் பேப்பரில் நல்ல செய்தி ஏதாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைத் தூர்வாரியிருக்கிறார்கள். தண்ணீர் வந்ததா என்று பார்த்தால் அந்த இடம் கிழிந்துபோயிருந்தது. வடையும் ஆறிவிட்டது. எல்லாம் உங்களால் வந்த வினை.

நம் இரண்டு வகுப்புக்கும் நடுவே ஓர் ஆளுயரத் தடுப்புதான். அந்தப் பக்கம் நீங்கள் தமிழ் நடத்துவீர்கள், இந்தப் பக்கம் நான் கணக்கோடு மல்லுக்கட்டுவேன். காலையில் ஒரு பிள்ளை எழுந்து நல்ல சேதி சொல்ல வேண்டும், நீங்கள் அதைக் கரும்பலகை மூலையில் எழுதுவீர்கள். பேப்பரில் பார்த்ததாக இருக்கலாம், வீட்டில் நடந்ததாகவும் இருக்கலாம். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறார்களோ என்று காது மட்டும் அங்கேயே கிடக்கும்.

பதில் தப்பாக வந்தால் 'கிட்ட வந்துட்ட' என்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்தேன். வகுத்தலில் எங்கோ தொலைந்துபோன ஒருவனிடம் "கிட்ட வந்துட்டடா" என்றேன். "எவ்வளவு கிட்ட சார்?" என்று கேட்டுவிட்டான் பாவி. நேராக உங்களிடம் சண்டைக்கு வந்தேன். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "பொய் சொல்லாதீக சார். எதுவரைக்கும் சரியாப் போட்டிருக்கான்னு பாத்து, அதைச் சொல்லுங்க."

சிவகாமி விஷயத்தில்தான் நிஜமாகவே கோபப்பட்டேன். அவள் அப்பா ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர். பெல்ட்டில் வலது கை மாட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் கட்டுப்போட்ட கையோடு வீடு திரும்பியிருந்தார். அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

"அவளை உக்கார வச்சுக்கிட்டு ஊர்ப்பட்ட நல்ல சேதி வாசிக்கிறீகளே, மனசு வருதா டீச்சர்?"

"சரியா தப்பான்னு எனக்கும் தெரியல சார். ஆனா சேதி சொல்லும்போது மட்டும் தலையைத் தூக்கிக் கேக்குறா. எதுக்குக் கேக்குறான்னு பாப்போம்."

பிறகு ஒருநாள் அவளே எழுந்தாள். "எங்கப்பா இன்னைக்குத் தானா சோறு அள்ளிச் சாப்பிட்டாக." இந்தப் பக்கம் நான் சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள்: "எந்தக் கையாலத்தா?" இதைப் போய் யாராவது கேட்பார்களா?

"இடது கையால டீச்சர்."

மத்தியானம் வந்து உங்கள் பலகையைப் பார்த்தேன். 'சிவகாமியின் அப்பா இடது கையால் தானே சாப்பிட்டார்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த 'இடது கையால்' எதற்கு, அதை விட்டுவிட்டு எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருக்குமே என்று கேட்க நினைத்தேன். மணி அடித்துவிட்டது, அப்புறம் கேட்கவே இல்லை.

அரையாண்டு லீவில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. பள்ளி திறந்ததும் உங்கள் வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். லீவுக்கு முன்னால் நீங்கள் எழுதிய சேதி மூலையில் அப்படியே இருந்தது. பிள்ளைகள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இன்னைக்கு நல்ல சேதியெல்லாம் வேண்டாம்ப்பா," என்றேன். மூலையை அழிக்க டஸ்டரைக் கையில் எடுத்தேன்.

சிவகாமி எழுந்தாள். "சார், லீவு முடிஞ்சு வந்து டீச்சர்கிட்ட சொல்லணும்னு ஒண்ணு வச்சிருந்தேன்."

"என்கிட்ட சொல்லுத்தா."

"எங்கப்பா சட்டைக்குப் பட்டன் போட்டாக."

யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. "எந்தக் கையால?"

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள் போல.

"வலது கையால சார். ஒரு பட்டன்தான்."

நீங்கள் எழுதியதற்குக் கீழேயே எழுதினேன் டீச்சர். 'ஒரு பட்டன்' என்பதை நானும் விடவில்லை.