எட்டாவது காற்றாலைக்கு ஒரு கையெழுத்து

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் என்கிற கதையை வேறு யாரிடமாவது சொல். போனில் பேசினால் என்னை அவசரப்படுத்துகிறாய், அதனால் எழுதுகிறேன்.

மேட்டில் ஏழு காற்றாலை நிற்கிறதே, கம்பெனிக்காரர்களுக்கு எட்டாவதை நம் கல்லாங்காட்டில் நிறுத்த வேண்டுமாம். நிலம் நம் இருவர் பேரில் இருப்பதால் குத்தகைப் பத்திரத்தில் நீயும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். புல்கூட முளைக்காத இடத்தை ஒருத்தன் தேடி வந்து கேட்கிறான் என்றால் குடுமி சும்மா ஆடுமா? என் தையல் கடை வாசல் கம்பத்தில் லைனிங் துணித் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு, மிஷினில் உட்கார்ந்தபடியே மூன்று நாள் கவனித்தேன். துணி அசையவே இல்லை, மேட்டில் இறக்கை மட்டும் ஜாம் ஜாமென்று சுற்றுகிறது. இவர்கள் காற்றிலிருந்து கரண்ட் எடுக்கவில்லை, கரண்டைப் போட்டுத்தான் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டபோது ஊரே கேட்கச் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் கைகூடத் தட்டினார்கள். கம்பெனி என்ஜினீயர் பெண் சிரிக்கவில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அதே துணிய எடுத்துக்கிட்டு தண்ணித் தொட்டி மேல ஏறிப் பாருங்கம்மா என்றாள். நம் ஊர் பிளம்பர், தானே ஏறுவதாகச் சொன்னார், அவர் மகளுக்குக் காற்றாலையில் வேலை, அவரை எப்படி நம்புவது? நானே ஏறினேன். சாமியே நேர்ல வந்தாலும் இவ அடையாள அட்டை கேப்பா என்று அப்பா கீழே தலையில் அடித்துக்கொண்டார். மேலே போய்த் துணியை நீட்டியதுதான் தாமதம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, கொண்டையும் அவிழ்ந்துவிட்டது. கீழே ஒரு இலை அசையவில்லை. காற்றாலை அதைவிட எத்தனையோ மடங்கு உயரம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி புது லைன் இழுத்தபின் கரண்ட் போவதில்லை, ஆஸ்பத்திரி டீசல் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். அதன் கரி படிந்து எத்தனை வெள்ளைச் சட்டையைத் திரும்பத் துவைத்திருப்பேன்! ஊருக்கென்று அவர்கள் தரும் பங்கில் ஒரு நர்ஸும் வந்திருக்கிறாள். ஆனாலும் பத்திரத்தை வரிவரியாகப் படித்தேன். குத்தகை முடிந்ததும் கம்பத்தையும் சிமெண்டையும் பெயர்த்தெடுத்து நிலத்தைப் பழையபடி தர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கேட்டேன், சேர்த்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால்?

அவர்களை விடு, உன்மேல்தான் இப்போது சந்தேகம். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் போட்டுடும்மா என்றாய், ஒரு கேள்வி கேட்டாயா? நிலத்துக்கு ஒரு வழி செய்துவிட்டால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று நினைத்தாயோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. போனிலேயே நீ கையெழுத்துப் போட்டால் செல்லும் என்கிறாள் அந்தப் பெண். அதெல்லாம் நம்ப முடியாது, என் மகன் என் கண்ணெதிரே போட்டால்தான் நானும் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பிவிட்டாள். உன்னிடம் மறைப்பானேன், அந்தப் போன் கையெழுத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, உன்னைப் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது.

நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. கிளம்புமுன் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பு, வர்றேன்மா என்ற உன் வார்த்தையை நம்பி நான் ஏமாந்தது போதும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா