துண்டு கேட்காத ஆஸ்பத்திரி

சாவகச்சேரி
9.2.1985

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் தங்கமாரி கும்பிட்டு எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? மலையில் பனி எப்படி?

போன கிழமை உங்கள் பேத்தி வள்ளிக்குக் காய்ச்சல். பயப்படாதீர்கள், இப்போது ஓடித் திரிகிறாள். நம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை எழுதித் தரும் துண்டுச் சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதே, அந்த நினைப்பில் நான் வேலை செய்யும் வெங்காயக் காணியின் சொந்தக்காரி இரத்தினம்மாவிடம் போய்த் துண்டு கேட்டேன்.

"என்ன துண்டு? அது அரசாங்க ஆஸ்பத்திரி, ஆரும் போகலாம். மருந்து ஊத்த வெறும் போத்தில் ஒண்டு கொண்டு ஓடு பிள்ளை!" என்று போத்தலையும் அவரே கழுவித் தந்தார். புண்ணியவதி.

டாக்டர் வள்ளியின் பெயரை மட்டும்தான் கேட்டார். காசே வாங்கவில்லை.

அப்பா, இனிக் கணக்கப்பிள்ளையிடம் துண்டுக்குக் கெஞ்ச வேண்டாம். இங்கே வந்துவிடுங்கள். வரும்போது கொஞ்சம் தேயிலைத்தூள் கொண்டுவாருங்கள், இங்கத்தையது நம் ருசி இல்லை.

வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டக் கூப்பிடுகிறார்கள். உங்களுக்கும் ஒரு போத்தல் கழுவி வைத்திருக்கிறேன்.

தங்கமாரி