பல் பிடுங்கிய நாளில் நிறைவேறிய தீர்மானம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மிஷினும் நலம். மூவரில் எண்ணெய் போடாமலே நாள் முழுக்க ஓடுவது உன் அம்மா மட்டும்தான். உனக்கும் அந்த ஊர்க் குளிருக்கும் இப்போதாவது ஒத்துப்போகிறதா என்று எழுது. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்த மூன்றாவது நிமிஷம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதோடு, நீ கையெழுத்துக்கு அனுப்பிய காகிதக் கட்டையும் இதே உறையில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் புத்தி எனக்குத் தெரியாதா.

அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, நான் துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் அம்மா என்னையும் ஒரு பார்வை பார்க்கிறாள். இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா மூன்று வருஷமாக நம் பள்ளிக்கூடக் குழுவுக்குத் தலைவர் என்பது உனக்குத் தெரியும். எப்படித் தலைவர் ஆனேன் என்பது தெரியாது. நான் பட்டன் வாங்க டவுனுக்குப் போயிருந்த நாளில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என் அறிவைப் பார்த்து என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன். என் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது, கையெழுத்து வாங்க வெயிலில் நடக்க வேண்டாம், அதுதான் காரணம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தலைமையாசிரியர் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார். குழு கூடியது, பேசியது, முடிவெடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். இங்கே போடுங்க என்று விரலை வைப்பார், நான் சுண்ணாம்புக் கட்டி ஒட்டிய கையோடு போட்டுவிட்டு அடுத்த காலரை வெட்டப் போய்விடுவேன். நான் தலைவரானபின் குழு ஒரு நாளும் கூடியதில்லை. உன் அம்மா என்னைக் கையெழுத்து மிஷின் என்றாள். நானும் சிரித்தேன்.

நீயோ அங்கே உட்கார்ந்துகொண்டு கிராமத்துப் பள்ளிக்கூடங்களை அந்தந்த ஊர்க்காரர்களே எப்படி நிமிர்த்துவது என்று ஊர் ஊராகப் பயிற்சி கொடுக்கிறாய். கலர் கலராகக் காகிதம் ஒட்டிய பலகைக்குப் பக்கத்தில் நீ நிற்கும் படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறேன். போன வருஷம் நீ அனுப்பிய அந்தப் பயிற்சிக் கையேட்டை என்ன செய்தேன் என்று நீ கேட்காததால் நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நல்ல தடித்த வழவழப்பான காகிதம். அளவு வைத்து வெட்டுவதற்கு அப்படிப்பட்ட காகிதம் இங்கே கிடைப்பதில்லை. பன்னிரண்டு காலர், ஆறு பாக்கெட், இரண்டு கைப்பட்டி எடுத்தேன்.

வருஷக் கடைசி, சீருடைக்கு அளவெடுக்கும் நேரம். பால்காரர் மகள் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எட்டாவது படிக்கிறாள், ஒல்லியாக, கண்ணை மட்டும் பெரிசாக வைத்துக்கொண்டு இருப்பாளே, அந்தப் பெண். தம்பிக்கு அளவெடுத்துவிட்டு நீயும் வந்து நில் என்றேன், போன வருஷத்துக்கு இப்போது நாலு விரல் வளர்ந்திருந்தாள். அவள் நகரவில்லை. "எனக்கு வேணாம் மாமா. ஒன்பதாவது இனிமே இங்க கிடையாதாமே. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேப்பைக் கழுத்தில் மாட்டியபடியே ரோட்டைத் தாண்டி ஓடினேன். தலைமையாசிரியர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒன்பது, பத்து இரண்டு வகுப்புகளையும் டவுன் பள்ளியோடு சேர்த்துவிடக் குழு ஏகமனதாகச் சம்மதிக்கிறது, தலைவர் எழுந்து நின்று இதை ஆதரித்துப் பேசினார் என்று மணிமணியாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு நான் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப் படுத்திருந்தேன், தண்ணீர் கேட்கக்கூடக் கையை ஆட்டினேன். வாயைத் திறக்க முடியாத நாளில் உன் அப்பா எழுந்து நின்று பேசியிருக்கிறார், பார்த்துக்கொள். மறுநாள் தலைமையாசிரியர் நம் வீட்டுக்கே வந்து புத்தகத்தை நீட்டினார், வலியோடு வலியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

தலைமையாசிரியரையும் ரொம்பத் திட்ட முடியவில்லை கண்ணு. மேலே இருந்து வந்த காகிதத்தில் வாசகத்தையே அடித்து அனுப்பியிருந்தார்கள், அவர் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். மூன்று வாத்தியாரை வைத்துக்கொண்டு பத்து வகுப்பை ஓட்டுகிற மனுஷன். நீங்க ஒரு நாள் படிச்சுப் பார்த்து ஏன் சார்னு கேட்டிருந்தா எனக்கும் தெம்பா இருந்திருக்கும் என்றார். டவுன் பள்ளி பதினாலு கிலோமீட்டர். பள்ளிக்கூடம் விடுவதற்கு இருபது நிமிஷம் முன்பே சாயங்கால பஸ் கிளம்பிவிடும், அடுத்தது இருட்டியபிறகுதான். எட்டாவதில் இருக்கிற இருபத்துமூன்று பிள்ளைகளில் பதினொன்று பெண்கள். இருட்டியபின் வருகிற பஸ்ஸை நம்பி அதில் எத்தனை பேரை அனுப்புவார்கள் என்று உனக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பத்தாவது படித்த அதே அறையை நான் சுண்ணாம்புக் கையோடு பூட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது இரண்டு நாள் மிஷினில் உட்காரப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். குழுவே சம்மதித்தபின் நாங்கள் என்ன செய்வது என்றார் அதிகாரி. அவரை விடாமல் கேட்டதில் ஒரு வழி சொன்னார். பன்னிரண்டு நாளைக்குள் குழு நிஜமாகவே கூட வேண்டும், பன்னிரண்டு பேரில் எட்டுப் பேராவது உட்கார்ந்து பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும். சரி என்று வந்துவிட்டேன். கூட்டம் எப்படி நடத்துவது என்று எனக்கு என்ன தெரியும். அப்போதுதான் உன் கையேடு ஞாபகம் வந்தது. தேடி எடுத்தேன். முதல் கூட்டத்தை எப்படித் தொடங்குவது என்கிற பக்கத்தின் நடுவில் எட்டு வயசுப் பையன் கழுத்தளவுக்கு ஓட்டை. அளவுக் காகிதங்களையெல்லாம் தரையில் பரப்பி, காலரை அந்த ஓட்டையில் பொருத்திப் பொருத்தி நானும் உன் அம்மாவும் படித்தோம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ஒன்று விட்டுவிட்டாய். தான் குழுவில் இருப்பதே தெரியாதவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எங்கேயும் இல்லை. நீங்களும் உறுப்பினர்தான் என்று முடிதிருத்துபவரிடம் சொன்னதும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நானா நானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதித் தலையோடு நாற்காலியில் இருந்தவர்தான் கடைசியில் போய் வாருங்கள் என்று அனுப்பி வைத்தார்.

ஒன்பது பேர் வந்தார்கள். எட்டாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எழுந்து நின்றேன், இந்தத் தடவை நிஜமாகவே. அழகாக ஆரம்பிக்க நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மூணு வருஷமா அப்படித்தான். தப்பு என்னுது" என்று மட்டும் சொன்னேன். காது இரண்டும் சுட்டது. பிறகு முடிதிருத்துபவர் நானும்தான் என்றார். அடுத்து மோட்டார் மெக்கானிக் நானும்தான் என்றார். அப்படியே பெஞ்சு பெஞ்சாகப் போய்த் தலைமையாசிரியர் வரை வந்து நின்றது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா, எட்டாவதில் பெண்ணை வைத்திருக்கிற தாய் ஒருத்தியாவது இந்தக் குழுவில் உண்டா என்று கேட்டாள். இல்லை. பால்காரர் மனைவியை அங்கேயே வரவழைத்து அன்றைக்கே சேர்த்துக்கொண்டோம். இங்கேயே வகுப்பு நடந்தால் பெண்ணை நிறுத்த மாட்டேன், எழுதியே தருகிறேன் என்று அவர்தான் முதலில் சொன்னார். கூட வந்த பால்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். புதுத் தீர்மானத்தைத் தலைமையாசிரியர் எழுத எழுத நான் வரிக்கு வரி விரல் வைத்து உரக்கப் படித்தேன். டீ ஆறிப்போனது. அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பு போகவில்லை. ஆனால் முழுசாகவும் கிடைக்கவில்லை. பத்தாவது முடிகிற வரை, இரண்டு வருஷம், மாதா மாதம் குழு கூட வேண்டும், இருபது பிள்ளைகளாவது தவறாமல் வர வேண்டும், ஒரு தடவை குறைந்தாலும் மூடிவிடுவோம் என்று கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். இப்போது காலையில் கடையைத் திறந்ததும் வாசலில் யார் நுழைகிறார்கள் என்று எண்ணுவதுதான் என் முதல் வேலை. பால்காரர் மகளுக்குச் சீருடை தைத்துவிட்டேன். கீழே நாலு விரல் மடித்து விட்டிருக்கிறேன், இரண்டு வருஷம் வளர்ந்தாலும் காணும்.

இனி உன் காகிதக் கட்டு, அந்த விசா மனு. எங்கள் இருவரையும் உன்னோடு கூட்டி வைத்துக்கொள்ள நீ அலைந்து திரிந்து இதையெல்லாம் வாங்கியிருப்பாய், தெரியும். "படிக்க வேணாம்ப்பா, பென்சில் புள்ளி இருக்கிற இடத்துல போட்டா போதும்" என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தாய். அதைப் பார்த்து நானும் உன் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஊரெல்லாம் தலைவர்களை உருவாக்குகிற பெண் அப்பனிடம் மட்டும் இப்படிக் கேட்கிறாளே என்று. இங்கிலீஷில் இருந்ததால் தலைமையாசிரியரைக் கடை ஸ்டூலில் உட்கார வைத்து ஏழு பக்கத்தையும் படித்துச் சொல்ல வைத்தேன், மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் பழிவாங்கியாயிற்று. மூன்றாம் பக்கத்தில், நாங்கள் இருவரும் இந்த மாதமே கிளம்பி நிரந்தரமாக அங்கே தங்குவதாக எழுதியிருக்கிறாய். நாலாம் பக்கத்தில் என் பெயருக்கு நேரே வேலை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துத் தையல்காரர், பள்ளிக்கூடக் குழுத் தலைவர் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். பென்சில் புள்ளிகளில் கையெழுத்துப் போடாமல் அப்படியே விட்டிருக்கிறேன். உன்னைப் பார்க்காமல் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது கண்ணு, உன் அம்மா போனை வைத்தபின் அழுவதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றிருக்கிறாள், சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளைகள் பத்தாவது எழுதட்டும், நாங்கள் வருகிறோம். இரண்டு வருஷம் என்று உன் அம்மாவே சொல்லிவிட்டாள்.

நீ நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும், உன்னால் நாலு ஊர்ப் பிள்ளைகள் நன்றாக வர வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கையேடு இன்னொன்று அனுப்பு, வெட்ட மாட்டேன். லீவு கிடைத்தால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கிற மாதிரி வா, அன்றைக்குத்தான் எங்கள் கூட்டம். உனக்கும் ஒரு பெஞ்சு இருக்கும்.

இதை எழுதி முடித்து, முதல் வரியிலிருந்து ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்,
உன் அப்பா